இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால்

மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். வீட்டுக் கதவு என்றால் தச்சரைக் கூப்பிடலாம். துப்பாக்கிக் கட்டை மயிரிழை ஊதிக் குழலை உரசினாலோ, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆளை விட்டு விலகிப் போய்விடும் தோட்டா. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்னைப்பர்கள் 1980களின் தொடக்கத்திலும் மரக்கட்டைத் துப்பாக்கியைத்தான் சுமந்தார்கள். பழைய லீ என்ஃபீல்டுக்குப் புதுக் குழல் மாட்டிய எல்42 அது. (அதே குடும்பத்தைச் சேர்ந்த .303க்கு உத்தரப்பிரதேச போலீஸ் விடைகொடுத்தது 2020இல்தான்!)

மாற்று தேடியபோது வென்றது பெரிய ஆயுத ஆலை அல்ல. போர்ட்ஸ்மவுத்தில் 1978இல் தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல் என்ற சின்ன நிறுவனம். அதன் நிறுவனர் மால்கம் கூப்பர் விளையாட்டு வீரர்; 1984, 1988 ஒலிம்பிக்குகளில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றவர். அட்டையில் வட்டம் துளைத்துப் பழகியவரின் பட்டறையிலிருந்து போர்க்களத்துக்கான கருவி வந்தது.

கட்டையை நம்புவதையே விட்டுவிட்டார்கள். நடுவில் முதுகெலும்பு போல ஓர் அலுமினியச் சட்டம். இயங்கு பகுதி அதோடு இறுகப் பிணைந்தது. இருபுறமும் போர்த்திய பிளாஸ்டிக், கைக்குப் பிடிமானம் மட்டுமே. குழல் எதையும் தொடாமல் நீட்டிக்கொண்டிருந்தது. பிரிட்டன் அதற்கு எல்96 என்று பெயரிட்டது.

அடுத்த வாடிக்கையாளர் ஸ்வீடன். அங்கே எதிரி பனி. போல்ட்டில் ஈரம் உறைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புத் தடி. போல்ட்டில் பள்ளங்கள் செதுக்கி, தடித்த கையுறை போட்ட விரலும் நுழையும்படி விசைக்கூட்டை அகலமாக்கி, உறைநிலைக்கு 40 டிகிரி கீழேயும் இயங்கும்படி செய்தார்கள். ‘ஆர்க்டிக் வார்ஃபேர்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மிச்சமிருந்தது தூரம். வழக்கமான 7.62 மி.மீ. தோட்டா சுமார் 900 மீட்டரில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கித் தடுமாறத் தொடங்கும். அமெரிக்காவில் கருக்கொண்டு, ஃபின்லாந்தின் லாபுவா நிறுவனம் முழுமையாக்கிய .338 தோட்டாவுக்கு எடை 16 கிராம். ஒலியை மிஞ்சிய வேகத்திலேயே 1,400 மீட்டரைத் தாண்டும். அதற்காகப் பெரிதாக்கப்பட்ட துப்பாக்கிதான் பிரிட்டனின் எல்115. கூப்பர் 2001இல் இறந்தார். 2005இல் நிறுவனம் நொடித்து, பழைய வடிவமைப்பாளர்களும் இடம்பெற்ற குழுவின் கைக்கு மாறியது.

2009 நவம்பர். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணம். கிரெய்க் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் வீரர் எல்115ஏ3 துப்பாக்கியால் 2,475 மீட்டர் தூரத்தில் இருந்த இரண்டு தாலிபான் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களைச் சுட்டு வீழ்த்தினார். வடிவமைத்தவர்கள் கணக்கிட்ட தூரத்தைவிட அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அதிகம். காற்று அன்று சலனமில்லாமல் இருந்தது. விசையை இழுத்தபின் தோட்டா போய்ச் சேரப் பல விநாடிகள். அதற்குள் எதிரி ஓரடி நகர்ந்தாலும் குறி வீண். உலகச் சாதனை என்று பத்திரிகைகள் கொண்டாடின. (2017இல் ஒரு கனடா வீரர் அதை முறியடித்தார்.) ஹாரிசனோ போர் தந்த மனக்காயத்தோடு ராணுவத்தை விட்டு வெளியேறினார்.

இந்தியத் தரைப்படை நீண்ட காலம் நம்பியிருந்தது சோவியத் டிராகுனோவை. அதன் எல்லை ஏறக்குறைய 800 மீட்டர். அதைப் படைத்த யெவ்கெனி டிராகுனோவும் போட்டித் துப்பாக்கிகள் செய்தவரே. எல்லைக்கோட்டில் எதிர்த்தரப்பின் ஸ்னைப்பர் தாக்குதல் தொல்லையானபின், 2019இல் காஷ்மீர் முனைக்கு வந்து சேர்ந்தது இத்தாலியின் பெரட்டா. அதிலும் .338 லாபுவா தோட்டாதான்.