தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் உண்டா?



வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட பழைய மாணவர்களில் பாதிப்பேர் பொங்கலைப் பற்றிப் பேசியதைவிடச் சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா 0-2 என்று ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ஆட்டம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். விடுமுறைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறீர்கள். ஒரு கட்சி சொல்கிறது: "சார், அவங்க உலகத் தரவரிசையில 25. நாம 102. முதல் பாதி முழுக்க ஒரு கோல்கூட விடல. இதுக்கே பெருமைப்படணும்." இன்னொரு கட்சி சொல்கிறது: "140 கோடி பேர்ல 11 பேர் கிடைக்கலையா? கோல்கீப்பரை மாத்தணும், கோச்சை வீட்டுக்கு அனுப்பணும்."

இரண்டையும் கேட்கும்போது எனக்கு ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வரும் பெற்றோர் நினைவுதான் வருகிறது. ஒருவர் 35 மதிப்பெண்ணைப் பார்த்து, "பாஸ்தானே, போதும்" என்பார். இன்னொருவர், "பக்கத்து வீட்டுப் பையன் 90 வாங்கியிருக்கான்" என்று அங்கேயே முதுகில் ஒன்று வைப்பார். இருவருமே திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கமாட்டார்கள். எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது, ஏன் போனது என்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது?

நாம் விடைத்தாளைப் பார்ப்போம்.

முதல் பாதியில் நம் பையன்கள் தற்காப்பு ஆடிய விதம் நன்றாகவே இருந்தது. இரண்டு வரிசையாக நெருங்கி நின்றார்கள், நடுவில் இடம் கொடுக்கவில்லை. ஆறரை அடி உயர ஹாரி சூட்டர் மாதிரி ஆட்களை வைத்திருக்கும் அணியை 45 நிமிடம் கோல் அடிக்கவிடாமல் நிறுத்துவது சின்ன வேலையில்லை. தொடங்கிய கால் மணி நேரத்தை ஒட்டி நமக்கே ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. சேத்ரி தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

மதிப்பெண் போன இடம் வேறு. பந்து நம் காலுக்கு வந்த பிறகு என்ன செய்தோம் என்று பாருங்கள். இரண்டு பாஸ், மூன்று பாஸ், அதற்குள் பந்து மறுபடி அவர்களிடம். ஓட்டுவதற்கு நம்மிடம் பந்து இல்லையென்றால் பந்தின் பின்னால் நாம்தான் ஓட வேண்டும். பந்தை வைத்திருப்பவனைவிடத் துரத்துகிறவன் சீக்கிரம் களைத்துப் போவான் என்பது தெருவில் ஆடியவர்களுக்கும் தெரியும். நம் தற்காப்பு வரிசைக்கு மூச்சு வாங்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. 50ஆவது நிமிடத்தில் முதல் கோல். 73ஆவது நிமிடத்தில் அவர்கள் இறக்கிய மாற்று ஆட்டக்காரர் ஜோர்டன் போஸ், வந்த சூட்டிலேயே இரண்டாவதை அடித்துவிட்டார். அவர்களுக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் அந்தத் தரம்.

முதல் கோலுக்கு குர்பிரீத் சிங் சந்துவைத் திட்டுகிறீர்கள். வந்த கிராஸை அவர் சரியாகத் தட்டிவிடவில்லை, பந்து நேரே ஜாக்சன் இர்வைன் காலுக்குப் போனது, உண்மைதான். ஆனால் எத்தனை கிராஸ் வந்தால் ஒன்று தப்பும்? வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பையனை எழுப்பிப் பதில் கேட்டுக்கொண்டே இருந்தால் பத்தாவது கேள்வியில் அவனும்தான் தடுமாறுவான். அந்தக் கேள்விகள் அவனிடம் போய்ச் சேராமல் முன்னாலேயே பதில் சொல்லியிருக்க வேண்டிய பத்துப் பேரை விட்டுவிட்டு அவனை மட்டும் அடிப்பது நியாயமில்லை.

இப்போது பெருமைக் கட்சிக்கு ஒன்று. "0-2 என்பது மானமுள்ள தோல்வி" என்கிறீர்கள். 2019 ஆசியக் கோப்பையிலும் அமீரக அணியிடம் நாம் 0-2 என்றுதான் தோற்றோம். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், பலமுறை கோலை நெருங்கினோம், பந்து கம்பியில் பட்டுத் திரும்பியது. இந்த முறை நெருங்கவே இல்லை என்று சொல்லலாம். இரண்டு ஆட்டத்திலும் ஸ்கோர் ஒன்று. மதிப்பெண் ஒன்றல்ல. அதே மாதிரி, 2011இல் இதே ஆஸ்திரேலியாவிடம் 0-4, 2024இல் 0-2, ஆகவே பாதி தூரம் முன்னேறிவிட்டோம் என்று கணக்குப் போடாதீர்கள். தோல்வியைக் கழித்தல் கணக்காகப் போட முடியாது.

கோச்சை மாற்றச் சொல்லும் கட்சிக்கும் ஒன்று. 2011இல் பாப் ஹூட்டன் இருந்தார், போனார். பிறகு வந்தவர்களில் கோவர்மன்ஸ், கான்ஸ்டன்டைன் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். 2019இல் பஹ்ரைனிடம் கடைசி நேரத்துப் பெனால்டியில் தோற்று வெளியேறிய அன்றே கான்ஸ்டன்டைன் விலகினார். 2024இல் ஸ்டிமாச் இருந்தார். இவரும் தவறே செய்யாதவர் அல்ல. ஆனால் மற்ற அணிகளைப்போலப் போதிய நாள் முகாம் வேண்டும் என்று அவர் கேட்டார். நம் லீக் ஆட்டங்களோ டிசம்பர் கடைசி வாரம் வரை நடந்தன. அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருனியன் மூவரும் காயத்தால் வரவில்லை. தலைமை ஆசிரியரை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தால் பள்ளிக்கூடத்தின் ஓட்டைக் கூரை தானாக அடைபடாது.

அப்புறம் அந்த 140 கோடி கணக்கு. ஸ்டிமாச் பிறந்த குரோஷியாவின் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியில் அவரே ஆடினார். 2018இல் அந்த நாடு இறுதிப்போட்டி வரை போனது. நம் குழுவில் இருந்த உஸ்பெகிஸ்தானில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிதான். 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை வென்றவர்கள் அவர்கள். தலையை எண்ணிப் பயனில்லை. அந்தத் தலைகளில் எத்தனை, வாரந்தோறும் ஒழுங்காக ஓர் ஆட்டம் ஆடுகின்றன என்று எண்ண வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

பலசாலியிடம் தோற்பது பெருமையும் இல்லை, அவமானமும் இல்லை. அது பாடம். ஆனால் தோற்றவனுக்கு அடுத்த ஆட்டம் இருந்தால்தான் அது பாடம். இல்லையென்றால் வெறும் தோல்வி.

1952இல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. ஒன்றுக்குப் பத்து! நம் ஆட்டக்காரர்களில் பலர் அன்று வெறுங்காலில் ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. அணிக்குப் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். தொழிலால் அவர் பள்ளிக்கூட ஆசிரியர் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் கர்வத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அவர் நடத்திய போட்டிகளில் சில வேடிக்கையாக இருக்கும். ஒரு போட்டியில் பந்தைக் காலோடு ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, உடனே பாஸ் செய்ய வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும். பையனுக்கு எது வரவில்லையோ அதற்கே ஒரு போட்டி வைத்துவிட்டார் மனிதர்.

நான்கே வருடம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். காலிறுதியில், ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல். அரையிறுதியில் மறுபடி அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நாம் அடித்தோம்! கடைசியில் 1-4 என்று தோற்றோம், போட்டியில் நான்காமிடம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே ரஹீமின் அணி தென் கொரியாவை வென்று தங்கம் வாங்கியது. அடுத்த வருடமே அவர் புற்றுநோயால் இறந்துபோனார்.

இதைச் சொல்வது பழம்பெருமை பேச அல்ல. இரண்டு காரணம். ஒன்று, ஆஸ்திரேலியா பலசாலி, நாம் பலவீனம் என்பது யாரும் தலையில் எழுதி வைத்ததல்ல. ஒரு காலத்தில் அது தலைகீழாக இருந்தது. இரண்டு, 1-10 என்று தோற்றவர்களைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. குறை எது என்று பார்த்தார்கள், ஆட வைத்தார்கள், மறுபடி அதே எதிராளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். நான் பையன்களைக் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போன வருடங்களில் பார்த்தது இது. எல்லாம் நாக் அவுட். காலை ஆறு மணிக்குப் பஸ் ஏறுவோம். முதல் ஆட்டத்திலேயே விளையாட்டு விடுதிப் பையன்கள் நிறைந்த அணியோடு சீட்டு விழும். 0-6. பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த வருடத்தின் கால்பந்து அவ்வளவுதான். ஜெயித்த அணி அடுத்தடுத்து நான்கு ஆட்டம் ஆடி இன்னும் கெட்டிப்படும். அதிகம் ஆட வேண்டியவன் தோற்றவன். அவனைத்தான் நாம் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். பின்தங்கிய மாணவனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பிவிட்டு முதல் மதிப்பெண் எடுப்பவனுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு எடுப்பது போல. அப்படி வளர்ந்தவர்களிலிருந்து 26 பேரைப் பொறுக்கித் தோஹாவுக்கு அனுப்பிவிட்டு, மூன்று பாஸ்கூடச் சேர்ந்தாற்போல் போடத் தெரியவில்லையே என்று கோபப்பட்டால் எப்படி?

அரசாங்கமும் சம்மேளனமும் செய்ய வேண்டியவை நிறைய. அதை அவர்களிடம் கேட்போம். ஆனால் உங்களில் பலர் இந்த வாரமே ஊரில் பொங்கல் டோர்னமெண்ட் நடத்துகிறீர்கள். அதையும் பார்க்கிறேன். பேனர், மைக் செட், பரிசுப் பணம், வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் கெஸ்ட் பிளேயர். எட்டு அணி, நாக் அவுட், மொத்தம் ஏழு ஆட்டம். அதில் நான்கு அணி ஒரே ஓர் ஆட்டத்தோடு மூட்டை கட்டும். பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களின் அணிதான் அந்த நான்கில் இருக்கும்.

அதே எட்டு அணியை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் தம் குழுவில் மற்ற மூவரோடும் ஆடட்டும். பன்னிரண்டு ஆட்டம், பிறகு ஒரு இறுதி, ஆக 13. ஆட்டத்துக்கு 40 நிமிடம் வைத்தால் 520 நிமிடம், ஒன்பது மணி நேரத்துக்குள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிந்துவிடும். யாராக இருந்தாலும் குறைந்தது மூன்று ஆட்டம். "சார், ஜெயிச்சா பணம், தோத்தா வெளியேன்னாதான் கூட்டம் வரும்" என்று ஒருவன் போனில் சொன்னான். கூட்டம் கொஞ்சம் குறையலாம், தம்பி. காலையில் 0-6 என்று தோற்ற பையன் மாலையில் தன் வயது, தன் பலமுள்ள அணியோடு 2-2 ஆடும்போது அவன் அம்மாவும் அண்ணனும் வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டம் போதும். பரிசுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஆட்டம் வைத்தால் இன்னும் நல்லது. கெஸ்ட் பிளேயருக்குக் கொடுப்பதில் பாதிகூட அதற்கு ஆகாது.

ஆசியக் கோப்பையும் இந்த முறையில்தான் நடக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற நம் அணிக்கு இன்னும் இரண்டு ஆட்டம் இருந்தது. 18ஆம் தேதி அப்போது 68ஆவது இடத்திலிருந்த உஸ்பெகிஸ்தான். 23ஆம் தேதி அப்போது 91ஆவது இடத்திலிருந்த சிரியா. ஆறு குழுக்களில் மூன்றாமிடம் பெறும் அணிகளில் நான்குக்கு அடுத்த சுற்று உண்டு. ஆகவே சிரியாவோடு ஆடியதுதான் நம் வகுப்புப் பரீட்சை. ஆஸ்திரேலியா நம்மைவிட மூன்று வகுப்பு மேலே படிக்கிறவன். அவனிடம் தோற்றதற்கு அழவும் வேண்டாம், அவனிடம் குறைவாகத் தோற்றோம் என்று இனிப்புக் கொடுக்கவும் வேண்டாம்.

அடுத்த முறை நம் அணியின் ஆட்டம் பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஸ்கோரை மட்டும் பார்க்காமல் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள்: நம்மவர்கள் பந்தைப் பறித்த பிறகு சேர்ந்தாற்போல் எத்தனை பாஸ் போடுகிறார்கள்? ஐந்துக்கு மேல் போனது எத்தனை முறை? அவர்கள் கோல் பக்கம் எத்தனை முறை போனோம்? வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்கடுத்த ஆட்டத்திலும் அதையே எண்ணி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு யாரைத் திட்டுவது, யாரைப் பாராட்டுவது என்று சண்டை போடலாம். கையில் விடைத்தாள் இருக்கும் சண்டை என்றால் நானும் வருகிறேன்.

அடுத்த பொங்கலுக்கு எந்த ஊரில் லீக் முறையில் ஆட்டம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். பரிசு கொடுக்கக் கூப்பிட வேண்டாம், மேடையும் வேண்டாம். தோற்ற அணி தன் இரண்டாவது ஆட்டத்தை எத்தனை மணிக்கு ஆடுகிறது என்று மட்டும் சொன்னால் போதும், அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.