மாங்கல்ய பலமும் புராஸ்டேட் புற்றுநோயும்

புருஷனுக்குக் கடும் வியாதி வந்தால் பெண்ஜாதியின் மாங்கல்ய பலம் குறைந்துவிட்டது என்று சொல்லுவதும், அவன் பிழைத்தால் சாமிக்குப் பொங்கல் வைப்பதும், செத்தால் அவள் ஜாதகத்தின்மேல் பழி போடுவதும் நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெண்ஜாதி படுத்துவிட்டால் புருஷனுடைய எந்தப் பலம் குறைந்ததாக யாராவது சொல்லக் கேட்டதுண்டா?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மாத்திரம் மூத்திரப்பையின் அடியில் இருக்கும் சிறு சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. ஆரம்பத்தில் அநேகமாய் அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் மூத்திரத் தொந்தரவை வெளியில் சொல்ல நம் ஆண்பிள்ளைச் சிங்கங்கள் வெட்கப்படுகிறார்கள். இடுப்புவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு, வியாதி எலும்புக்கே போய்விட்டது என்பது பிறகுதான் தெரிகிறது. தைலம் தேய்த்தவள் யார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆண்மைக்குரிய சுரப்புநீரை அடக்கினால் இந்நோய் ஒடுங்கும் என்று 1941-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் வைத்தியர் காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசும் பெற்றார். முற்றிய நோய்க்கு இன்றும் அதுவே வைத்தியத்தின் அஸ்திவாரம். விரையை எடுப்பார்கள், அல்லது ஊசி போடுவார்கள். நோய் அடங்கி ஆயுள் நீளுகிறது. ஆனால் உடம்பில் திடீரென்று அனல் பரவி வியர்த்துக் கொட்டுகிறது, ஆசை அற்றுப்போகிறது, எலும்பு தளருகிறது, மனம் சோர்ந்து சிலருக்குக் கோபமும் அழுகையும் மாறிமாறி வருகின்றன. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்கள் படும் அவஸ்தைக்கு இது பெரிதும் ஒப்பானதேயாகும். அன்று அவள் சொன்னபோது “வயசுக் கோளாறு” என்றவர்கள் இன்று அவனுக்கென்றால் விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். (ஓடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.)

நிற்க, இந்த ஊசியின் பலாபலனை வைத்தியர் யாரிடம் சொல்லுகிறார்? மகனிடம், மருமகனிடம், துணைக்கு வந்த பங்காளியிடம்! மூத்திரக் குழாயின் பையைக் கொட்டுகிறவள், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்கிறவள், இரவில் நான்கு தரம் எழுந்திருக்கிறவள் வாசலில் நிற்கிறாள். புருஷன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறான் என்று தெரியாமல், தன்மேல் வெறுப்போ என்று அவள் உள்ளுக்குள் புழுங்கவேண்டியதுதான். இதைவிட ஆபத்து ஒன்றுண்டு. முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை நெரித்தால் கால் மரத்து, பலம் குறையும். மலஜலம் கட்டுப்படாது போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் கால்கள் நிரந்தரமாய் விழுந்துவிடக்கூடும். இதை முதலில் காணக்கூடியவள் அவளே. அவளுக்கல்லவா சொல்லியிருக்கவேண்டும்?

சம்பளத் தாதிக்கு வேலைநேரம் உண்டு, விடுமுறை உண்டு. முழங்கால் வலியோடு அறுபதைக் கடந்த கிழவிக்கு இரண்டும் கிடையாது. பதிலுக்கு, குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் சுமந்த நளாயினி கதை உண்டு. போதாக்குறைக்குத் தாலி நிலைக்க விரதம் வேறு! ஆளைத் தூக்கிப் புரட்டவேண்டியவளுக்குச் சோற்றை நிறுத்துவதற்குப் பெயர் பக்தியாம். இந்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கில், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 134 நிமிஷமும் ஆண்கள் 76 நிமிஷமும் செலவழித்ததாகக் கண்டது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் வீட்டில் 134 நிமிஷம் பொழுது விடிவதற்குள் தீர்ந்துபோகும்.

அன்பினால் செய்கிறாள் என்பார்கள். மெய்தான், அநேகர் அன்பினால்தான் செய்கிறார்கள். தகப்பன்மேல் மகனுக்கு அன்பில்லையா? கொள்ளிவைக்க மாத்திரம் ஆண்பிள்ளை வேண்டும், கழுவிவிட வேண்டாமா?

வலிக்கு மார்பின் கொடுக்கச் சட்டத்திலிருந்த தடைகள் 2014-ல் தளர்த்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2021-ல் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோவு தணிக்கும் சிகிச்சையும் உண்டு. இப்படிப்பட்ட நோயாளி உள்ள வீட்டுத் தோழர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரிக்கட்டும். ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது அந்த அம்மாளை அடுப்பங்கரைக்குக் காப்பி போட அனுப்பாமல், எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசவிடட்டும். காப்பியை மகன் போடட்டும்.