குஞ்சு பெருகினால் லாபம் பெருகுமா?

கேள்வி: நெல் வயலில் கிரேஃபிஷ் வளர்த்தால், எவ்வளவு பிடிக்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? நம் வயலில் விடலாமா?

பதில்: இறால் போன்ற உடலும் நண்டு போன்ற கொடுக்கும் உள்ளது கிரேஃபிஷ். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நெற்பயிர் நிற்கும்போதே ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ தாய் கிரேஃபிஷ்களை விடுகிறார்கள். அறுவடைக்காக நீரை வடித்ததும் அவை வரப்பில் வளை தோண்டி இறங்கி முட்டையிடும். அக்டோபர் வாக்கில் மறுபடி நீர் கட்டினால், வாலடியில் குஞ்சுகளோடு வெளியே வரும். அழுகும் தாளும் அதில் பெருகும் சிற்றுயிர்களும் குஞ்சுகளுக்கு உணவு.

கணக்கு, வரவு செலவுப் பேரேடு போன்றதுதான். வளையிலிருந்து வரும் குஞ்சுகள் வரவு. பறவையும் மீனும் தின்பவை, ஆக்சிஜன் குறைந்து சாபவை, பொறியில் பிடிபடுபவை செலவு. இதோடு நீரின் வெப்பத்தையும் தீவன அளவையும் சேர்த்தால் வளர்ச்சி வேகம் தெரியும். வளைக்குள் இருக்கும் தாய்களை எண்ண முடியாது என்பதால், பொறியில் விழும் எண்ணிக்கையையும் எடையையும் குறித்து, கணக்கை அவ்வப்போது திருத்த வேண்டும். குஞ்சு அளவுக்கு மீறினால் தீவனம் போதாமல் எல்லாமே சிறுத்துப்போகும். சிறியதற்கு விலை குறைவு.

நம் வயலில் விட வேண்டாம். 1970-களில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோன இதே இனம், அங்கே வரப்புகளைத் துளைத்து நெல் விவசாயிகளுக்குத் தொல்லையானது. பரவிவிட்டால் ஒழிப்பது மிகக் கடினம். யாராவது குஞ்சு விற்க வந்தால் வாங்காமல், மீன்வளத்துறையிடம் தெரிவியுங்கள்.