சணல் கையைக் கடிக்கிற நாய் பன்றியை விரட்டுமா?

புரட்டாசியில் சாமைக் கதிர் முற்றத் தொடங்கிவிட்டால் ஜவ்வாது மலையில் எங்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. பரணில் உட்கார்ந்து தகரம் தட்டி, டார்ச் அடித்து, கூவிக் கூவியே பொழுது விடியும். ஒரு ராத்திரி கண் அசந்தால் போச்சு. பன்றிக் கூட்டம் தின்பது கொஞ்சம், மிதித்து உருட்டுவதுதான் அதிகம். சாமையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறவர்கள் பலரும் சொல்கிற முதல் காரணம் மழை இல்லை, பன்றிதான்.

அதனால் கூட்டங்களில் இளம் விவசாயிகள், அதிலும் நகரத்து வேலையை விட்டு வந்தவர்கள், அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணா, டிரெயினிங் கொடுத்த நாய் ஒண்ணு வாங்கிட்டா என்ன?"

நான் வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கறவை மாட்டு விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் ஷெப்பர்டு அது. விற்ற இடத்தில் செய்து காட்டினார்கள். கையில் தடிமனான சணல் உறை மாட்டிய ஆள் குச்சியை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான், நாய் பறந்து போய்க் கையைக் கவ்வுகிறது, "விடு" என்றதும் விடுகிறது. பார்த்ததும் மயங்கிவிட்டேன். மலைக்குக் கொண்டுவந்த ரெண்டாம் வாரம் பன்றி இறங்கியது. நாய் கொட்டாய் வாசலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தது. கட்டளைக்குக் காத்திருந்தது, பாவம். கட்டளை கொடுத்தால் எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. அந்த இருட்டில் சணல் கட்டிய கை எதுவும் இல்லையே! மறுநாள் காலையில் பக்கத்துக் கொல்லைக்காரர் தோளில் கோணிச்சாக்கோடு வந்தார். அவர்மேல் பாய்ந்தது. நல்லவேளை, சாக்கைத்தான் கடித்தது.

விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காட்டியது விளையாட்டு. நான்தான் அதைக் காவல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1899-ல் ஜெர்மனியில் ஷெப்பர்டு இனத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஷெப்பர்டு என்றாலே மேய்ப்பன்தான், அது ஆட்டுக்கிடை நாய். மேய்ச்சல் வேலை குறைந்துவந்த காலத்தில், இனவிருத்திக்கு எந்த நாய் தகுதி என்று பார்க்க ஒரு தேர்வு வைத்தார்கள். 'ஷுட்ஸ்ஹுண்ட்', அதாவது காவல் நாய், என்று அதற்குப் பெயர். மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பாடம். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 70 எடுத்தால் பாஸ். நாயின் மனத்திடத்தை அளக்க வந்த அந்தத் தேர்வு, வருஷம் போகப் போக உலகப் போட்டியாக வளர்ந்துவிட்டது. இன்றைக்கு மேல்நிலைப் போட்டியில் மைதானத்தில் ஆறு மறைப்புகள் இருக்கும். ஆள் ஒளிந்திருப்பது எப்போதும் ஆறாவதில்! நாய்க்கும் அது தெரியும். கடித்துவிட்டால் உறையைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பதும் தெரியும். கோபமோ காவல் உணர்வோ அதற்குத் தேவையில்லை. இரையைப் பிடிக்கிற குஷி இருந்தாலே போதும்.

பன்றி ஆறாவது மறைப்பில் நிற்காது. எந்தப் பக்கம், எத்தனை, குட்டியோடு வருகிறதா என்பதை நாயே முடிவு செய்ய வேண்டும். எஜமான் தூங்கும்போதும் வேலை நடக்க வேண்டும்.

இந்த வேலை பயிற்சியில் வருவதைவிட வளர்ப்பில்தான் அதிகம் வருகிறது. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் சிவிங்கிப்புலி ஆட்டைப் பிடிக்கிறது என்று விவசாயிகள் அதைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1994 முதல் அங்குள்ள சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் துருக்கி நாட்டுக் கிடை நாய்களை விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. நாய்க்குட்டியை இளசிலேயே ஆட்டோடு விட்டுவிடுகிறார்கள். அது ஆட்டையே குடும்பம் என்று நினைத்து வளர்கிறது. பிறகு பெரும்பாலும் குரைத்து, குறுக்கே நின்றே வேலையை முடித்துவிடுகிறது. கடிப்பது அபூர்வம்.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் சிரித்தார். "ஏன் தம்பி, நம்ம பட்டியில நாய் அப்படித்தானே வளருது?" உண்மைதான். அவர் பட்டியில் கிடக்கும் நாய்க்கு இனப்பெயர் கிடையாது. ஆட்டுக்குட்டியோடு படுத்து வளர்ந்தது, ராத்திரி கட்டப்படாதது. பன்றி வந்தால் நாலு கொல்லை நாய்களும் சேர்ந்து குரைக்கும். ஓரத்தில் நின்று, பின்வாங்கி, மறுபடி முன்னேறிக் குரைக்கும். ஆண் பன்றியின் கொம்புக்கு நேராகப் போகாது. போன நாய் குடல் சரிந்து செத்திருக்கிறது, அதன் குட்டி இல்லை. மலையில் தேர்வு அப்படித்தான் நடக்கிறது.

மலைக்குத் தெற்கே செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பின்னால் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

உடனே "நாட்டு நாய்தான் எல்லாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளர்த்த ஓட்ட நாய்கள். வாசலில் படுத்துக் காவல் காக்கவில்லை என்று அவற்றைக் குறை சொல்வது, உழவு மாட்டிடம் பால் கேட்பது மாதிரி. ராஜபாளையம் பன்றியையே எதிர்த்த இனம்தான். ஆனால் பால் வெள்ளையாக, ரோஸ் மூக்கோடு வேண்டும் என்று அழகு பார்த்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. காது கேட்காத நாய் ராத்திரி எதைக் காக்கும்? பரிசுக் கோப்பைக்காகச் சேர்ப்பது ஜெர்மனியில் நடந்தாலும் ராஜபாளையத்தில் நடந்தாலும் கெடுவது ஒன்றுதான்.

பயிற்சியே வீண் என்றும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பி வருவது, விடு என்றால் விடுவது, இந்த ரெண்டும் நம் மலை நாய்களுக்கு அவசியம் வேண்டும். இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். கொல்லையில் நின்று குரைப்பது காவல். காப்புக்காட்டுக்குள் துரத்திப் போய்க் கடித்தால் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைதான், கேஸ் நம்மேல் வரும். வெறிநாய்க்கடி ஊசி போடாத நாய் காட்டுக்குள் போனால் நரிக்கும் ஆபத்து, திரும்பி வந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மின்வேலியில் திருட்டுக் கரண்ட் விடுகிறவர்களும், அவுட்டுக்காய் வைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அதில் முதலில் சாவது பக்கத்துக் கொல்லை நாய், சில நேரம் பக்கத்துக் கொல்லைக்காரர். இயற்கை விவசாயம் என்று பலகை வைத்துவிட்டு இதைச் செய்கிற ஒருவரை எனக்கே தெரியும்.

என் ஷெப்பர்டு இப்போது சமவெளியில் ஒரு நண்பர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறது. நான் பெரியவர் பட்டியிலிருந்து ஒரு பெட்டைக் குட்டி வாங்கி வந்து, ஏழு வாரத்தில் வெள்ளாட்டுக் குட்டிகளோடு விட்டேன். காசு வாங்க மாட்டேன் என்றார், ரெண்டு படி சாமை கொடுத்தேன். இந்தப் புரட்டாசிக்கு அதற்கு ஒரு வயசு ஆகிறது. தனியாக விட மாட்டேன், பக்கத்துக் கொல்லைக் கிழட்டு நாயோடு சேர்த்துத்தான் விடப்போகிறேன். பரணையும் பிரிக்கவில்லை.