துடைக்கிற நேரம்



ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்துவிட்டால், மார்கழி வரை சிவகாசி அச்சகங்களுக்கு ராப்பகல் கிடையாது. அந்த மாதங்களில், மெஷினில் கை சிக்குவதைப் பற்றி எனக்குள்ள கவலையை இங்கே எழுதிவிடுகிறேன்.

கையால் தாள் கொடுக்கும்போது கை நசுங்கியது டிரெடில் மெஷின் காலம். ஆஃப்செட்டில் தாளை மெஷினே இழுத்துக்கொள்கிறது. அங்கே கை உள்ளே போவது பெரும்பாலும் கழுவும்போதுதான். சிலிண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் பிளாங்கெட்டைத் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். ‘இஞ்ச்’ பட்டனைத் தட்டிச் சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி, தெரிகிற இடத்தைத் துடைத்து, மறுபடி தட்டுவதுதான் முறை. ஓடவிட்டுத் துணியைக் காட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சிலிண்டர்கள் உள்நோக்கிச் சேருகிற இடத்தில் துணியின் ஓரம் சிக்கினால் போதும். துணி போகும், பின்னாலேயே விரல் போகும். நழுவாமலிருக்கக் கந்தலை விரலில் சுற்றிக்கொண்டவரால் விடவும் முடியாது.

மறுநாள் செய்தியில் ‘கவனக்குறைவு’ என்று வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. எத்தனை ஆயிரம் தாள் ஓடியது என்று கணக்கு கேட்கிறவர்கள், கழுவ எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில், தூக்கக் கலக்கத்தில், அதுவும் புதுப் பையன் தலையில்தான் அந்த வேலை விழுகிறது. மூடியைத் திறந்தால் மெஷின் தானே நிற்பதற்கென்று ஒரு ஸ்விட்ச் உண்டு. ‘அடிக்கடி நிற்கிறது’ என்று அதன் ஒயரை நேராக முறுக்கி வைத்தது அந்தப் பையனா?

அமெரிக்காவில் 1989-லேயே ஒரு விதி போட்டார்கள். சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ கை வைக்கிறவர் மெயினை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஆண்டுக்கு 120 உயிரும் 50,000 காயங்களும் தப்பும் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. ஒரு பூட்டு என்ன விலை இருக்கும், சொல்லுங்கள்!

விரல் போன பிறகு நடப்பதும் வேதனைதான். ஆஸ்பத்திரி வாசலில், “வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுப்பா, செலவை நாங்க பாத்துக்கறோம்” என்பார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டால், பிறகு இஎஸ்ஐயிலோ தொழிலாளர் துறையிலோ அதை மாற்றப் படாதபாடு பட வேண்டும். இழப்பீடு கேட்டு மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரலுக்கு 30 சதவீதம், முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பை எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருப்பதற்கும், இல்லாத விரல் நடுராத்திரியில் வலிப்பதற்கும் அதில் கட்டம் இல்லை.

துண்டான விரலை ஒட்டவைக்க முடியும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே ஒரு பிரிவை வளர்த்தெடுத்தார். கோவையிலும் இதில் பேர்பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பதற்றத்தில் விரலை நேரே ஐஸில் போட்டுக் கொண்டுபோனால் திசு கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தியபடி உடனே கிளம்புங்கள்.

அச்சகம், மில், மாவு மெஷின், கரும்பு ஜூஸ் கடை என்று எங்கே வேலை பார்த்தாலும், உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போட மாட்டோம். என்ன மெஷின், எத்தனை மணிக்கு, அப்போது அதை நிறுத்த யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்