உயிர் காப்பவர்களுக்குச் சங்கம் எதற்கு என்பவர்களுக்கு

சீருடை அணிந்தவர்களுக்குச் சங்கம் கூடாது என்று பிரிட்டன் தீயணைப்பாளர் சங்கத்தைச் சாடியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். அவர் அடுக்கும் மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட வரலாற்றின் முன் நிற்காது.

சங்கம் வந்துதான் ஒழுங்கு கெட்டது என்கிறார். அதற்கு முன்பிருந்த ஒழுங்கைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? லண்டன் தீயணைப்பாளர்கள் நிலையத்திலேயே தங்கி, இரவும் பகலும் பணிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் கெடுபிடியைத் தாங்குவார்கள் என்றே 19ஆம் நூற்றாண்டில் மாலுமிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். 1918இல் சங்கம் உருவானது. 1920இல் லண்டனில் இரண்டு ஷிப்ட் முறை வந்தது. அடிமை வேலை ஒழிந்ததை ஒழுங்கீனம் என்பவர், யார் பக்கம் நின்று பேசுகிறார்?

1977 வேலைநிறுத்தம் மக்களுக்குச் செய்த துரோகமாம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் நாடு தழுவிய ஒரு வேலைநிறுத்தம்கூடச் செய்யாத சங்கம் அது. விலைவாசி கழுத்தை நெரித்தபோது 30 சதவீத உயர்வு கேட்டது. 10 சதவீதத்துக்கு மேல் பேச்சே இல்லை என்றது அரசு. ராணுவத்தைப் பழைய தீயணைப்பு வண்டிகளில் ஏற்றி அனுப்பி ஒன்பது வாரம் இழுத்தடித்த அரசைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. கடைசியில் சம்பளத்தை நிர்ணயிக்க ஒரு சூத்திரம் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 42 ஆகக் குறைந்தது. அதன்பின் 2002 வரை நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடக்கவில்லை. நியாயம் கிடைத்ததால் அமைதி நிலவியது.

சங்கத்துக்குச் சம்பளம் மட்டுமே குறி என்பது மூன்றாவது பொய். 1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தையின் நிலவறையில் தீ. கண் தெரியாத புகைக்குள் சுவாசக் கருவியோடு போன இருவர் வழி தவறி, ஆக்சிஜன் தீர்ந்து இறந்தார்கள். இன்று உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயர் வில்லையும் வெளியே பலகையில் ஏறுகிறது. காற்று குறைந்தால் கருவியே விசிலடிக்கிறது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, இந்தப் பாதுகாப்பை வலியுறுத்தியவர்களில் சங்கத்தாரும் உண்டு.

1999இல் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிப்புற உறையில் தீ ஏறி ஒருவர் இறந்தார். உயரமான கட்டடங்களின் உறை கொஞ்சமும் எரியாததாக இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் அப்போதே சொன்னது இந்தச் சங்கம். அரசுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் எரியும் உறை வழியே தீ பரவி 72 பேர் மாண்டார்கள்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தவர்களைச் சுயநலக் கும்பல் என்று எழுத எப்படி மனம் வந்தது? தீக்குள் இறங்குபவருக்குத்தான் எது எரியும், எங்கே ஆள் போதாது என்று தெரியும். அவர் தனியாகச் சொன்னால் மேலதிகாரி அடக்கிவிடலாம். சங்கமாகச் சொன்னால் அடக்க முடியாது. அந்தக் குரலை ஒழிக்கச் சொல்பவர் பொதுமக்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.