பெயருக்கு உரியவர்

தமிழில் ‘பெயர்’ என்னும் சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கிறது. ஒருவரை அழைப்பதற்காகப் பெற்றோர் இட்டது ஒன்று. தம் நடத்தையால் அவர் ஊரில் ஈட்டிக்கொண்டது மற்றொன்று. ‘உன் பெயர் என்ன?’ என்று வினவும்போது முதற்பொருளும், ‘பெயரைக் கெடுத்துவிட்டான்’ என்று வருந்தும்போது இரண்டாம் பொருளும் வெளிப்படுகின்றன. ஒருவருடைய பெயரை அவருடைய ஒப்புதலின்றி இணையவெளியில் பிறர் எடுத்தாளும்போது இவ்விரண்டும் ஒருசேரப் பறிபோகின்றன. பறித்தவரோ முகம் காட்டுவதில்லை.

ஒரு சென்னை வழக்கு

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் பெண் ஒருவர் காவல்துறையிடம் முறையிட்டார். அவர் அறியாமலேயே அவர் பெயரில் மின்னஞ்சல் கணக்கு ஒன்று தொடங்கப்பட்டிருந்தது. யாகூ இணையக் குழு ஒன்றில் அவரைப் பற்றி இழிவான செய்திகள் இடம்பெற்றிருந்தன. அவற்றை மெய்யென நம்பிய முன்பின் அறியாத மனிதர்கள் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தந்தனர். விசாரணையில் அகப்பட்டவர் வேற்றாள் அல்லர். அவர் குடும்பத்தோடு பழகியவர், அவரை மணக்க விரும்பியவர்.

பிறர் அடையாளத்தைத் திருடுவதைத் தனிக்குற்றமாகக் கூறும் பிரிவு எதுவும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அப்போது இல்லை. ஆகவே, நற்பெயருக்குக் கேடு விளைவிக்கப் பொய்யாவணம் புனைதல் என்னும் பிரிவை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்தாள நேர்ந்தது. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்துதல், ஆபாசச் செய்தியை மின்னணு வடிவில் வெளியிடுதல் ஆகிய குற்றங்களும் உடன் சேர்ந்தன. இணைய மையத்தாரின் சாட்சியம், முறையாகச் சான்றளிக்கப்பட்ட மின்னணுப் பதிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு, எழும்பூர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பர் 5 அன்று தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் கிட்டிய முதல் தண்டனையாக இது குறிப்பிடப்படுகிறது. பொருத்தமான சட்டப்பிரிவு இல்லாத காலத்திலேயே ஓராண்டு நிறைவதற்குள் நீதி கிடைத்தது. பாதிக்கப்பட்டவர் காலம் தாழ்த்தாமல் முறையிட்டார். சான்றுகள் அழியாமல் காக்கப்பட்டன. அவ்வழக்கின் வலிமை அங்கேதான் இருந்தது.

சட்டம் வளர்ந்த விதம்

2008ஆம் ஆண்டின் திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது 66சி, 66டி என்னும் பிரிவுகள் சேர்ந்தன. முன்னது அடையாளத் திருட்டையும் பின்னது கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதையும் தண்டிக்கின்றன. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

எனினும் 66சி பிரிவைக் கூர்ந்து படித்தால் ஒரு குறை புலப்படும். மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் ஆகியவற்றைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் அப்பிரிவில் ‘பெயர்’ என்னும் சொல் இல்லை. ‘தனித்த அடையாளக் கூறு’ என்னும் பொதுத்தொடருக்குள் அதை அடக்கிப் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. மேலும், மோசடி எண்ணமோ நேர்மையற்ற எண்ணமோ இருந்ததாக மெய்ப்பிக்கவும் வேண்டும். பணம் பறிக்காமல், ஒருவரை நகைப்புக்கு ஆளாக்குவதற்கென்றே தொடங்கப்படும் போலிக்கணக்கு இவ்வரையறையிலிருந்து எளிதில் நழுவக்கூடும். கடவுச்சொல்லுக்குத் தந்த இடத்தைப் பெயருக்கும் வெளிப்படையாகத் தருவதே முறையான திருத்தமாகும்.

புகழ்பெற்றவர்க்கு மட்டுமா?

நடிகர் ரஜினிகாந்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய இந்தித் திரைப்படம் ஒன்றுக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், 2015ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அப்பெயரைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. புகழ்பெற்றவர்க்கு அவருடைய பெயரின்மீது ஆளுமை உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அங்ஙனமாயின், புகழ்பெறாதவரின் நிலை என்ன? இவ்வினாவுக்கு விடை அதற்கு இருபதாண்டுகள் முன்னரே கிடைத்துவிட்டது. தமிழகச் சிறையில் தூக்குத்தண்டனை பெற்றிருந்த கைதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது குறித்து எழுந்த வழக்கில், 1994ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்று கூறிய அத்தீர்ப்பு, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ ஒப்புதலின்றி விளம்பரம் முதலிய நோக்கங்களுக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதற்கு எடுத்துக்காட்டு என்றும் சுட்டியது. அங்குப் புகழ் அளவுகோலாக வைக்கப்படவில்லை. 2017ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே உறுதிசெய்தது.

போலிக்கணக்கை நடத்துபவர் இன்னார் எனத் தெரியாவிடினும் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம். அடையாளம் தெரியாத எதிர்வாதியை ‘அசோக் குமார்’ என்று குறிப்பிடுவது இந்திய நீதிமன்ற வழக்கம். பெயரைத் திருடியவருக்கும் சட்டம் ஒரு பெயரை இரவல் தருவது விந்தைதான்!

முறையிடும் வழி

போலிக்கணக்கைக் கண்டவுடன் அதை நீக்கச்செய்ய வேண்டும் என்று மனம் துடிப்பது இயல்பு. ஆயினும் நீக்கத்துக்கு முன் சான்று சேர்த்தல் வேண்டும். கணக்கின் முழு முகவரி, பதிவுகளின் திரைப்பிடிப்பு, கண்ட நாள், நேரம் ஆகியன தேவை. பின்னர், அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். ஆள்மாறாட்டப் பதிவுகளைப் பாதிக்கப்பட்டவரின் முறையீடு கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. உருமாற்றப்பட்ட படங்களும் இதில் அடங்கும். அகற்றிய பதிவை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்கும் கடமையும் நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனத்தின் முடிவில் நிறைவில்லையெனில் நடுவண் அரசின் மேல்முறையீட்டுக் குழுவை 30 நாளுக்குள் அணுகலாம்.

காவல்துறையிடம் செல்ல விரும்புவோர் தேசிய இணையவழிக் குற்ற இணையதளத்தில் பதியலாம். பணமும் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதியலாம் எனப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. ஆனால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வரும் குற்றங்களைக் காவல் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவரே புலனாய்வு செய்ய இயலும். பணிச்சுமை மிக்க ஆய்வாளர் மேசையில் ஒரு மாணவியின் புகார் எத்தனை நாள் காத்திருக்கும் என்பது சட்டநூலில் எழுதப்படாத செய்தி. பயிற்சி பெற்ற சார்பு ஆய்வாளர்க்கும் அவ்வதிகாரத்தை விரிவாக்கினால் இத்தாமதம் குறையும்.

வீட்டில் எழும் தடை இதனினும் பெரிது. ‘வெளியில் தெரிந்தால் நமக்குத்தானே கெட்ட பெயர்’ என்று கூறிக் கைப்பேசியைப் பறித்துவைக்கும் பெற்றோர், தம்மை அறியாமல் சான்றையும் பறித்துவிடுகின்றனர். மகளின் படிப்பும் சில வேளை அதனோடு நின்றுபோகிறது. இழிசெயல் புரிந்தவரோ அதே கணக்கில் மறுநாளும் எழுதிக்கொண்டிருப்பார். அவர் பெரும்பாலும் தொலைவிலும் இல்லை. விளையாட்டு என்று கருதி வகுப்புத் தோழியின் பெயரில் கணக்குத் தொடங்கும் மாணவராகவும் அவர் இருக்கக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாதவராயின் அவரை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும்; நிரம்பியவராயின் பிற குற்றவாளிகள் நிற்கும் அதே கூண்டில் அவரும் நிற்க நேரும்.